கத்தரியில் டென்ட்டா, மாப்ள?

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் தேனிக்குப் பக்கத்துல இருக்கிற எங்க பழனிசெட்டிபட்டிக்கு ஆட்கள் வர்றது புதுசில்ல. சென்னை, கோயம்புத்தூர், திருப்பூர்னு பிழைக்கப் போனவங்க பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வருவாங்க. வீரபாண்டித் திருவிழா பார்ப்பாங்க, சுருளி அருவியில குளிப்பாங்க, மாம்பழப் பையோட பஸ் ஏறுவாங்க. கொஞ்ச வருஷமா அந்த மூட்டை முடிச்சோட ஒரு புதுச் சாமானும் வந்து இறங்குது. ரெண்டு வளைகம்பியில நிமிர்ந்து நிக்கிற டோம் டென்ட்.

போன சித்திரையில என் அக்கா மகனும் ஒண்ணு வாங்கிட்டு வந்தான். "மாமா, ஆத்தங்கரையில இதைப் போட்டுப் படுத்தா ஏசியே வேணாம்ல?"ன்னு கேட்டான்.

"ஏசி வேணாந்தான் மாப்ள. ஆனா டென்ட்டும் வேணாம்"னேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு. அவன்கிட்டச் சொன்னதையும், அவன் கேக்குற நிலைமையில இல்லாததால சொல்லாம விட்டதையும் சேர்த்து எழுதுறேன்.

தேனின்னதும் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம், மூணாறு பக்கம், குளுகுளுன்னு இருக்கும்னு நினைச்சுக்கிட்டு வர்றாங்க. மூணாறு பக்கந்தான். ஆனா அது மலைக்கு மேல. நாங்க இருக்கிறது கீழ, கடல் மட்டத்துல இருந்து ஏறக்குறைய 300 மீட்டர்ல. தென்மேற்குப் பருவமழையில பெரும்பங்கை மலை கேரளப் பக்கத்துக்கே கொடுத்திடும். இந்தப் பக்கம் இறங்குறது மழையைக் கொட்டிட்டு வெறுங்கையோட வர்ற காத்து. மே 4 வாக்குல தொடங்கி மாசக் கடைசி வரைக்கும் அக்னி நட்சத்திரம்னு காலண்டர்ல போட்டிருப்பாங்க. எங்களுக்குப் பங்குனியிலேயே அது வந்துரும். பகல்ல 38 டிகிரின்னா யாரும் அதைப் பத்திப் பேசக்கூட மாட்டாங்க.

இந்த வெயில்ல டென்ட் என்ன பண்ணும்? டென்ட்ங்கிறது குளிரையும் மழையையும் வெளியில நிறுத்தக் கண்டுபிடிச்ச சாமான். பாலியஸ்டர் துணி, அதுக்கு மேல மழைத்துணின்னு இன்னொரு மூடாக்கு. வெயில் விழுந்தா துணி சூடாகும், உள்ள இருக்கிற காத்தும் சூடாகும், அந்தச் சூடு வெளிய போக வழி இருக்காது. மத்தியானம் கண்ணாடியை ஏத்திவிட்டு நிறுத்தின காருக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. சரி, ராத்திரி? ராத்திரி பிரச்சினை வேற. மூணு பேர் விடுற மூச்சுல இருக்கிற ஈரம் உள்ளேயே தங்கும். மனுஷ உடம்பு தன்னைக் குளிர வைக்க வியர்வையைத்தான் நம்பியிருக்கு. வியர்வை வழிஞ்சா மட்டும் பத்தாது, காயணும். காயும்போதுதான் அது உடம்புச் சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும். காத்தில்லாத ஈரமான கூட்டுக்குள்ள வியர்வை காயாது, நசநசன்னு ஊறிக்கிட்டே இருக்கும். வெளிய 28 டிகிரி இருக்கிற ராத்திரியிலகூட உள்ள தூக்கம் வராததுக்குக் காரணம் இதுதான்.

அதனால என் கட்சி என்னன்னா, கோடையில டென்ட்டை வீடா நினைக்காதீங்க. அதைக் கொசுவலையா நினைங்க. பகல்ல அதுக்கு வேலையே கிடையாது. பொழுது சாய்ஞ்ச பிறகு விரிச்சு, காலையில வெயில் முதுகுல உறைக்கிறதுக்கு முன்னாடி சுருட்டிடணும்.

இதெல்லாம் என் கண்டுபிடிப்பு இல்ல. எங்க பள்ளத்தாக்குல சித்திரை வெயில்லயே வெளியில படுத்து எந்திரிக்கிறவங்க இருக்காங்க. அவங்கள்ல யார்கிட்டயும் டென்ட் கிடையாது.

கிடைக்காரங்களைப் பாருங்க. கம்பம் பள்ளத்தாக்குல முல்லைப் பெரியாத்துத் தண்ணியில இருபோகம் விளையுற நெல் நிலம் 14,707 ஏக்கர். ரெண்டாம் போகம் அறுத்து முடிச்சதும் வயல் சும்மா கிடக்கும். அப்போ செம்மறி ஆட்டை ஓட்டிக்கிட்டுக் கிடை போட வருவாங்க. ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம், வயல்காரர் கொடுக்கிறது அவங்களுக்குக் கூலி. வாரக்கணக்குல வெட்டவெளியிலதான் குடித்தனம். பகல்ல அவங்களை வேம்பு, புங்கை நிழல்ல பார்க்கலாம். ராத்திரியில அந்த மரத்தடியில தேடினா ஆள் இருக்க மாட்டாங்க. நட்டநடு வயல்ல, தலைக்கு மேல ஒண்ணுமே இல்லாத இடத்துல படுத்திருப்பாங்க.

ஆட்டுக்குக் காவலா இருக்கணும்ங்கிறது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கு. பகல் முழுக்க வாங்கின சூட்டை ராத்திரி பூமி வானத்தைப் பார்த்து விடும். மேல மேகம் இல்லாம, கிளை இல்லாம, கூரை இல்லாம இருந்தா அந்தச் சூடு தங்குதடையில்லாமப் போயிடும், தரை சீக்கிரம் ஆறும். மரத்தடியில அந்தச் சூட்டை இலைக்கூட்டம் மறிச்சுக்கும். பகலுக்கு மரம், ராத்திரிக்கு வானம். டென்ட் போட வர்றவங்க இதைத்தான் மாத்திச் செய்யிறாங்க. நிழலா இருக்கேன்னு பகல்ல பார்த்து வெச்ச மரத்தடியிலேயே ராத்திரியும் போட்டுட்டுப் புழுங்கிச் சாகுறாங்க.

அடுத்தது வீரபாண்டி. கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்கு வர்ற சனம் கொஞ்சநஞ்சம் இல்ல. ராத்திரி பகலா அக்னிச்சட்டி போய்க்கிட்டே இருக்கும். வெளியூர்ல இருந்து வந்தவங்க எல்லாருக்கும் லாட்ஜா இருக்கு? ஆத்தங்கரையிலயும் தோப்புலயும் பாயை விரிச்சுக் குடும்பம் குடும்பமாப் படுத்திருப்பாங்க. ஆத்துல முங்கிட்டு, ஈரத் துணியோடயே உக்காந்து, காத்துல காய விடுவாங்க. நாலு கம்புல ஒரு பழைய சேலையை இழுத்துக் கட்டினா பகல் நிழலுக்குப் போதும். நாலு பக்கமும் திறந்திருக்கிற அந்தச் சேலைப் பந்தல், கடையில ஆயிரக்கணக்குல விலை சொல்ற டென்ட்டைவிட நல்ல சாமான். எனக்கு இதுல சந்தேகமே இல்ல.

மூணாவது, தோட்டக் காவல். அடிவாரத் தோட்டங்கள்ல காட்டுப் பன்னிக்குப் பயந்து பரண் கட்டிப் படுப்பாங்க. தரையில இருந்து ஆள் உயரம் மேல, கீழ இருந்தும் காத்து வரும். பரண் கிடைக்காதவங்களுக்குக் கயித்துக் கட்டில். மெத்தையில படுத்தா முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவுல காத்துக்கு இடம் இல்ல. கயித்துக் கட்டில்ல முதுகு பூரா இடம் இருக்கு. காத்தை ஊதி நிரப்புற மெத்தையும் ரப்பர் ஷீட்டும் குளிர் நாட்டுல தரைக் குளிர் ஏறாம இருக்கப் போடுறது. இங்க அது உங்க உடம்புச் சூட்டை உங்ககிட்டயே வெச்சிருக்கும். ஒரு கோரைப்பாய் வாங்கிக்கங்க, மேல ஒரு பருத்திப் போர்வை விரிச்சா முடிஞ்சது.

டென்ட்டுக்கு ஆதரவாவும் ஒரு வார்த்தை சொல்லிடுறேன், இல்லைன்னா மாப்ள கோவிச்சுக்குவான். வெறுந்தரையில படுக்கிறதுல பெரிய ஆபத்து கட்டுவிரியன். ராத்திரியில நடமாடுறது, தரையில தூங்குறவங்களையே கடிக்கும், கடிச்ச வலிகூட பல பேருக்குத் தெரியாது. தேளும் உண்டு. தரைத்துணியோட சேர்த்துத் தைச்ச, ஜிப் போட்டு மூடுற வலைக் கூடு அந்த விஷயத்துல உண்மையிலேயே காப்பு. அதனாலதான் கொசுவலைன்னு சொன்னேன். வாங்கும்போது பாதிக்கு மேல வலையா இருக்கிறதா, ரெண்டு பக்கமும் வாசல் இருக்கிறதா பார்த்து வாங்குங்க. மேல இருக்கிற மழைத்துணியைக் கழட்டி வெச்சுட்டு, வலை மட்டும் நிக்கட்டும். கழட்டினதைத் தூக்கித் தூரமாப் போட்டுடாதீங்க. சித்திரை வைகாசியில சாயங்காலம் திடீர்னு இடியோட கோடைமழை இறங்கும், கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும். இடி இடிச்சா டென்ட்டை நம்பாம காருக்குள்ளயோ கட்டடத்துக்குள்ளயோ போயிடுங்க.

இனி இடம். எங்க பள்ளத்தாக்குக்கு ஒரு சௌகரியம் இருக்கு. ரெண்டு பக்கமும் மலை. கிழக்க மேகமலை, வருசநாட்டு மலை. மேற்க போடி, தேவாரத்துக்கு மேல நிக்கிற மலை. கிழக்கு மலையை ஒட்டி, ராயப்பன்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கம் படுத்தா காலையில வெயில் மலையைத் தாண்டி வர நேரமாகும், கொஞ்சம் கூடத் தூங்கலாம். மேற்கு மலையை ஒட்டிப் படுத்தா சாயங்காலமே சூரியன் மலைக்குப் பின்னால போயிடும், உங்க தரை மத்த ஊர்த் தரைக்கு முன்னாடியே ஆற ஆரம்பிச்சிடும். எதைத் தேர்ந்தெடுக்கிறது? நான் மேற்கைத்தான் சொல்வேன். படுக்கும்போது தரை சூடா இருந்தா தூக்கம் பிடிக்கவே நடுச்சாமம் ஆகும். காலையில சீக்கிரம் எந்திரிக்கிறதுல என்ன குறைஞ்சு போச்சு? பழனிசெட்டிபட்டிக்கு நடுவாந்தரம்தான் கிடைச்சது, ரெண்டு மலையும் தூரம். மொட்டைமாடியில தண்ணி தெளிச்சுக்கிட்டு எங்க காலம் ஓடுது.

காத்துக்கும் ஒரு நேரக் கணக்கு உண்டு. பகல்ல வெயில் பட்ட மலைச்சரிவு சூடாகி, காத்து கீழ இருந்து மேல ஏறும். ராத்திரி சரிவு குளிர்ந்து, கனமான காத்து மேல இருந்து கீழ வழியும், அதுவும் ஓடை, கணவாய்னு பள்ளம் பார்த்து வழியும். டென்ட்டோட ஒரு வாசலை மலையைப் பார்த்து வைங்க, எதிர் வாசல் திறந்திருக்கட்டும். ஓடை வாய்க்குப் பக்கத்துல மேட்டுல போட்டா ராத்திரி ரெண்டு மணிக்குப் போர்வை தேடுவீங்க. மேட்டுலன்னு சொன்னதைக் கவனிக்கணும். ஓடைக்குள்ள, ஆத்து மணல்ல போடவே கூடாது. நாம படுத்திருக்கிற இடத்துல நட்சத்திரம் தெரியும், மலை மேல மழை கொட்டிக்கிட்டிருக்கும். கும்பக்கரை அருவியிலயும் சுருளியிலயும் திடீர்னு வெள்ளம் வந்து குளிக்க விடாமத் தடுத்ததா பேப்பர்ல அடிக்கடி படிச்சிருப்பீங்க. முல்லைப் பெரியாத்துல அணைத் தண்ணி திறப்பும் சேர்ந்துக்கும்.

தோப்பு விஷயத்துக்கு வருவோம். வெளியூர் ஆட்களுக்குத் தென்னந்தோப்புன்னா உசிரு. போட்டோவுக்கு நல்லா இருக்கும், ஒத்துக்கிறேன். தலையில தேங்காயோ காய்ஞ்ச மட்டையோ விழுந்தா போட்டோ எடுக்க ஆள் இருக்காது. தண்ணி பாய்ச்சின தோப்புல ஈரமும் கொசுவும் வேற. வாழைத்தோப்பு அதைவிட மோசம், காத்தே நுழையாது. திராட்சைப் பந்தல் இருக்கே, கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் எங்க பார்த்தாலும் அதுதான். நம்ம பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. மேல முழுக்கப் பச்சைக் கூரை, கீழ நிழல், பார்த்தாலே படுக்கத் தோணும். ஆனா திராட்சைக்கு மருந்து அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. அந்தப் பந்தலுக்கடியில பிள்ளைகளைப் படுக்க வைக்காதீங்க. மாந்தோப்பும் புளியமரமும் பகலுக்கு நல்லது. புளியமரத்தடியில ராத்திரி படுக்கக் கூடாதுன்னு எங்க அப்பத்தா பேயைச் சொல்லிப் பயமுறுத்தும். பேயை விடுங்க, அந்த அடர்த்திக்குக் கீழ ராத்திரிப் புழுக்கம் தாங்காது. எந்தத் தோப்பா இருந்தாலும் தோட்டக்காரரைப் பார்த்து, "அண்ணே, ஒரு ராத்திரி படுத்துக்கிறோம்"னு கேட்டுக்கங்க. பெரும்பாலும் சரின்னு சொல்லி, ரெண்டு இளநியும் வெட்டித் தருவாங்க.

பகல் நிழலுக்குத் தார்ப்பாய் வேணாம், அதுவும் சூடாகிச் சூட்டைக் கீழ தள்ளும். நாத்துப் பண்ணையில கட்டுற பச்சை நிழல்வலை தேனியில விவசாயச் சாமான் விக்கிற கடைகள்ல மீட்டர் கணக்குல கிடைக்கும். வெயிலை மறைக்கும், காத்தை விடும், மடிச்சா ஒரு பைக்குள்ள அடங்கும். கீத்து கிடைச்சா அதைவிட நல்லது. எதைக் கட்டினாலும் தலைக்கு மேல ரெண்டு முழமாவது இடைவெளி விட்டுக் கட்டுங்க.

எங்க ஊர் வெயிலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கடற்கரை ஊர் மாதிரி பிசுபிசுப்புக் கிடையாது, காத்து வறண்டு இருக்கும். அதனால ஈரம் இங்க நல்லா வேலை செய்யும். தண்ணி கேனைச் சுத்தி ஈரச் சாக்கைக் கட்டி, நிழல்ல, காத்துல வைங்க. மண்பானை குளிர்ற அதே கணக்குதான், ஐஸ் பெட்டியே தேவையில்ல. துண்டை நனைச்சுக் கழுத்துல போட்டுக்கங்க. சின்ன பேட்டரி ஃபேன் கொண்டு வர்றவங்களுக்கும் இதையே சொல்றேன். மத்தியானம் 38, 39 டிகிரி காத்தை வறண்ட உடம்பு மேல அடிச்சா அனல்தான் அடிக்கும். உடம்புல ஈரத் துணி இருந்தா அதே ஃபேன் குளிரும். படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு குளியல், தலை துவட்டாம ஒரு கால்மணி நேரம் காத்தாட உக்காருறது, இது ரெண்டுக்கும் ஈடான சாமான் எந்தக் கடையிலயும் இல்ல. குளிக்கிறது பம்ப்செட்டுல இருக்கட்டும். எங்க ஊர்த் தடுப்பணை பார்க்கத்தான் அமைதி. ஆழம் தெரியாம, சுழல் தெரியாம அங்க இறங்காதீங்க.

சாப்பாடு பத்தி ரொம்பச் சொல்ல வேண்டியதில்ல, வீட்டுல பெரியவங்களைக் கேட்டா தெரியும். காலையில பழைய சோறும் சின்ன வெங்காயமும், மத்தியானம் கம்மங்கூழோ மோரோ, சாயங்காலம் நுங்கு. வெறும் தண்ணியை மட்டும் லிட்டர் லிட்டராக் குடிக்காதீங்க, வியர்வையில உப்பும் போகுது. ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டும் தலை தட்டி அளந்தது, இது எல்லார் வீட்டுலயும் கலக்கக்கூடிய ஓ.ஆர்.எஸ். மூத்திரம் அடர் மஞ்சளாப் போனா தண்ணி பத்தலைன்னு அர்த்தம். டென்ட்டுக்குன்னே பாட்டிலோட வர்ற கோஷ்டிக்கு: சாராயம் உடம்புத் தண்ணியை வெளியேத்தும், வெயில்ல அது ரெட்டைக் கேடு.

ஒண்ணை மட்டும் அலட்சியம் பண்ணாதீங்க. வெயில்ல இருந்த ஒருத்தர் சம்பந்தமில்லாமப் பேசினா, தள்ளாடினா, வலிப்பு வந்தா, மயங்கினா, உடம்பு அனலாக் கொதிச்சா அது சாதாரணக் களைப்பு இல்ல. உள்ளுடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். உடனே 108க்குச் சொல்லுங்க. வண்டி வர்ற வரைக்கும் சும்மா இருக்காம நிழலுக்குத் தூக்கி, துணியைத் தளர்த்தி, உடம்பு பூராத் தண்ணி ஊத்தி விசிறுங்க. நினைவு தடுமாறினவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழல்ல போயிடும்.

இதெல்லாம் எதுக்கு மாமா, மலைக்கே போயிடலாமேன்னு மாப்ள கேட்டான். கேள்வி சரிதான். ஆயிரம் மீட்டர் ஏறினா ஆறு, ஆறரை டிகிரி குறையும். சின்னமனூர்ல இருந்து மேகமலைக்கு ஏறினா 1,500 மீட்டர். இங்க 38 அடிக்கும்போது அங்க 30 வாக்குல இருக்கும், ராத்திரி போர்வை வேணும். சூரியநெல்லி வழியா ஜீப்புல போற கொழுக்குமலை இன்னும் உயரம், இன்னும் குளிர். ஆனா மேகமலைக் காடு 2021ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். ரோட்டோரமா நினைச்ச இடத்துல வண்டியை நிறுத்தி டென்ட் போடுற இடமில்ல அது. யானை நடமாடுற காடு. தங்கணும்னா அனுமதி உள்ள விடுதி, அனுமதி உள்ள எஸ்டேட் இடம், அவ்வளவுதான்.

கோடையில காட்டுக்குள்ள போறதைப் பத்தி எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல. 2018 மார்ச் 11, போடிக்கு மேல குரங்கணி மலை. மலையேற வந்த பிள்ளைங்க காட்டுத்தீயில சிக்கிக்கிட்டாங்க. இருபது பேருக்கு மேல செத்துப் போனாங்க. பெரும்பாலும் இருபது முப்பது வயசு. காய்ஞ்ச போதைப்புல், மேல்நோக்கி அடிக்கிற பகல் காத்து, சரிவான மலை, இந்த மூணும் சேர்ந்தா தீ மனுஷன் ஓடுறதைவிட வேகமா ஏறும். அதுக்கப்புறம்தான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்துச்சு. 2024ல தமிழக வனத்துறை தொடங்கின 'ட்ரெக் தமிழ்நாடு' பாதைகளையும் பிப்ரவரி 15ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் தீக்காலம்னு மூடி வெக்கிறாங்க.

அதனால கத்தரியில இங்க வந்து டென்ட் போடுறவங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். கேம்ப் ஃபயர் வேணாம். அடிவாரத் தோட்டமா இருந்தாலும், அறுத்த வயலா இருந்தாலும் வேணாம். 38 டிகிரியில குளிர் காயத் தீ எதுக்கு? கோழி சுடணும்னு ஆசையா இருந்தா கார்த்திகை மார்கழியில வாங்க, நானே அடுப்புக்கல் எடுத்துத் தர்றேன். இப்போதைக்குச் சாப்பாட்டைக் கட்டிக்கிட்டுப் போங்க. கம்பம் ரோட்டுல ராத்திரி பத்து மணிக்கும் பரோட்டா கிடைக்கும்.